முப்பத்தாறு யூனிட்

லிபோவிட்ஸா
மார்ச் 17, 2011

அம்மாவுக்கு ரட்மிலா எழுதுவது.

போன் போட்டால் உங்களுக்குக் காது கேட்காது. ஸோர்கா எடுத்தால் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாள். பெற்ற தாயைக் கொல்லப் பார்த்த அண்ணியிடம் யார்தான் பேசுவார்கள்? அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதனால்தான் கடிதம். பஸ் ஓட்டும் மிலிவோயிடம் பையோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். இரவு உடை இரண்டு, கம்பளிச் செருப்பு, உங்கள் மூக்குக்கண்ணாடி, எண்ணெய் விடாமல் வேகவைத்த பீன்ஸ் ஒரு டப்பா. ஈஸ்டர் நோன்பை ஆஸ்பத்திரியிலும் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக உங்கள் மகன் வுகாஷின் சொன்னார். அவர் லாரியோடு இன்னும் ருமேனியாவில்தான் இருக்கிறார். "நீ போய்ப் பார்த்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி நடையில் வைத்து, "இவளை என் கண்ணுல காட்டாதீங்க, ஊசியாலேயே என்னைக் குத்திக் கொன்னுட்டா"ன்னு நீங்கள் கத்தியதை அவரிடம் சொல்லவில்லை. நடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்தபோது கோட்டைப் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே நீங்கள் கிடந்தது, உடம்பெல்லாம் வேர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல். விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஒன்றரை, நாலுக்குக் கீழே போகவே கூடாதது. தேனை ஈறில் தடவிக்கொண்டே ஆம்புலன்ஸுக்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்சுலின் ஊசி போட்டவள் நான். கோபப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. சாப்பிடுங்கள். காயம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ரட்மிலா

*

மாவட்ட ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு
மார்ச் 22

ரட்மிலா,

பை வந்தது. கம்பளிச் செருப்பில் ஒன்றுதான் இருந்தது. ஒரு கால்தானே உடைந்தது, ஒரு செருப்பு போதும் என்று நினைத்தாயாக்கும்.

பீன்ஸில் உப்பு பற்றவில்லை. தின்றேன். இங்கே போடுகிற சூப்பைவிடத் தேவலை.

ஆறு பேர் இருக்கிற வார்டு. பக்கத்துக் கட்டிலில் ஒரு தபால்காரி, பனியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டவள். என் கதையைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுல மருமக ஊசியைத் தூக்கினா நான் ஜன்னல் வழியா குதிச்சிருப்பேன்"னாள். வார்டே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் படுத்தால் என்னவோ போல இருந்தது. அதைப் பற்றி உனக்கென்ன.

காயம் கேட்டாய். ஆறவில்லை. தையலின் கீழ்ப்பக்கம் கசிந்துகொண்டே இருக்கிறது. இங்கே இருக்கிற டாக்டரம்மா சின்னப் பெண், ஆனால் குரல் பட்டாளத்துக் குரல். எனக்கும் கேட்கிற மாதிரி கத்துகிறாள். "இருபத்திரண்டு யூனிட்டுக்கே மயங்கி விழுந்தீங்கன்னா உங்க உடம்பை நம்ப முடியாதும்மா"ன்னு சொல்லி ராத்திரி ஊசியைப் பத்துக்கு இறக்கிவிட்டாள். இப்போது ஏழில் இருக்க வேண்டியது காலையில் பார்த்தால் பதினெட்டு, பத்தொன்பது. சர்க்கரை இப்படி ஏறிக் கிடந்தால் காயம் மூடாதாம். ஏற்றவும் பயப்படுகிறாள். கிட்னியில் கோளாறோ, வேறு எங்கே கோளாறோ என்று தினம் ரத்தம் எடுக்கிறார்கள். இப்படியே போனால் மறுபடி மயக்க மருந்து கொடுத்து, இடுப்பைத் திறந்து சுத்தம் செய்யணுமாம். எழுபத்தொரு வயதில் இரண்டாவது தடவை திறந்தால் எழுந்திருப்பேனா என்று கேட்டேன். அவள் தலையணையைச் சரி பண்ணினாள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. நீ தினம் காலையில் என் விரலைக் குத்திவிட்டு, ராத்திரியானால் அந்த இன்சுலின் பேனாவை ரேடியோ திருகுவதுபோல் திருகிக்கொண்டிருப்பாயே. இருபத்திரண்டிலேயே நிற்பதற்கா அவ்வளவு திருகினாய்?

வராதே. இன்னொரு செருப்பை அனுப்பு.

தெசாங்கா

*

லிபோவிட்ஸா
மார்ச் 27

அம்மாவுக்கு,

செருப்பு இத்துடன் வருகிறது. அவசரத்தில் ஒன்றைக் கட்டிலுக்கடியில் விட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு நாள் மாட்டுக்குத் தீனி வைப்பதும் வருவதுமாக இருந்தேன். எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். இப்போது எழுதிவிடுகிறேன். அன்றைக்கு உங்கள் உடம்பில் இருந்தது இருபத்திரண்டு இல்லை. முப்பத்தாறு.

ஆம்புலன்ஸில் வந்த சீட்டில் நம்ம ஊர் டாக்டர் ஜனவரியில் எழுதிய அளவு இருந்தது. அந்த டாக்டரம்மா அதைப் பார்த்து, "இருபத்திரண்டுதானே?" என்று கேட்டார். ஸோர்கா என் தோளை உரசிக்கொண்டு நின்றாள். "ஆமா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் வேறு கேட்கவே இல்லை. திரும்பிப் போய்ச் சொல்லலாம் என்று வாசல்வரை வந்து நின்றேன். கால் வரவில்லை.

எப்படி முப்பத்தாறு ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். ஊர் டாக்டர் எனக்கு நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். "ராத்திரி ஊசி மெதுவா வேலை செய்யறது. இன்னைக்கு ஏத்தினது நாளைக்கே தெரியாது. மூணு காலை பார்த்து, மூணுமே ஏழுக்கு மேல இருந்தா ரெண்டு ஏத்துங்க. நாலுக்குக் கீழ ஒரு தடவை போனாலும் அன்னைக்கே நாலு குறைச்சுட்டு என்னைக் கூப்பிடுங்க. முப்பதைத் தாண்டுற மாதிரி வந்தா ஏத்தாதீங்க, நேரா என்கிட்ட வாங்க." இதெல்லாம் தலைகீழாகச் சொல்வேன். ஆனால் காலையில் பதினாலு வரும்போது நீங்கள் ஒரு பார்வை பார்ப்பீர்கள். "உன்னால ஒரு எண்ணைக்கூட இறக்க முடியலியே"ன்னு அண்டை வீட்டுக்காரி முன்னால் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்றினேன். முப்பது வந்தபோது டாக்டரிடம் போயிருக்கணும். போனால் ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்பாரே.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. நோன்பு தொடங்கிய புதன்கிழமை காலையில் நாலு புள்ளி ஒன்று வந்தது. உங்கள் தலையணை நனைந்திருந்தது. அடுப்பு சூடு என்று நினைத்து உறையை மாற்றினேன். அப்போதே குறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வுகாஷினுக்குப் போன் போட்டு, "பாத்தீங்களா, இறக்கிட்டேன்"னு பெருமை அடித்தேன். அன்றிரவும் முப்பத்தாறு போட்டேன். மறுநாளும் போட்டேன். நோன்புக்காக நீங்கள் சாப்பாட்டைக் குறைத்ததும் தெரியும். ஆனால் இது சாப்பாட்டுக்கான ஊசி இல்லையே, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் போட வேண்டியதுதானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஒன்றுதான் இன்னமும் பிடிபடவில்லை. பீன்ஸும் வேகவைத்த உருளைக்கிழங்கும் அளந்து வைத்த ரொட்டியும் தின்கிற உடம்புக்குக் காலையில் எதற்குப் பதினாலு வந்தது?

அம்மா, இதை டாக்டரம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். முப்பத்தாறு என்று தெரிந்தால் பயப்படாமல் சரியான அளவு போடுவார். நான் வந்து சொல்லணும் என்பது தெரிகிறது. ஸோர்கா முன்னால், அந்த வார்டு முன்னால், என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? கோழை என்று திட்டுங்கள். ஆனால் சொல்லிவிடுங்கள்.

ரட்மிலா

*

ஆஸ்பத்திரி
மார்ச் 31

கணக்கு டீச்சரே,

முப்பத்தாறு! மாட்டுக்கா போட்டாய்?

உன் கடிதத்தை ஸோர்கா கையில் படாமல் மார்புக்குள் வைத்திருக்கிறேன். கையில் கிடைத்தால் நேரே போலீஸுக்குப் போவாள். அவளுக்கு உன்மேல் பிள்ளைப்பருவத்துக் கோபம், அண்ணனைப் பிடுங்கிக்கொண்டாயாம். முந்தாநாள்கூட, "புகார் எழுதிக் குடும்மா, மீதியை நான் பாத்துக்கறேன்"ன்னு காகிதத்தை நீட்டினாள். கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டேன். மூக்கின் மேலேயே இருந்தது.

டாக்டரம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீ செய்ததை நீதான் சொல்லணும். உன் கணக்குக்கு நான் ஏன் போர்டில் போய் நிற்கணும்?

அதுவும் இல்லை. முப்பத்தாறு என்று சொன்னால் அவள் அடுத்ததாக என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள். நீ கேட்ட அதே கேள்வியைக் கேட்பாள். எனக்கு இங்கே ஒரு மரியாதை இருக்கிறது. நோன்பு விடாத அம்மா என்று நர்ஸ்கூட என்னிடம் வந்து ஜெபம் கேட்கிறாள்.

கசிவு நிற்கவில்லை. அடுத்த வாரக் கடைசியில் திறந்து பார்க்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

பண்டிகைக்கு வீடு சுத்தம் செய்கிறேன் என்று சாமான் அறையில் கை வைக்காதே. வந்து நானே செய்துகொள்வேன்.

தெசாங்கா

*

லிபோவிட்ஸா
ஏப்ரல் 4

அம்மாவுக்கு,

கை வைக்காதே என்று எழுதினீர்கள். அதனாலேயே போனேன்.

மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் காலி ஜாடிகள் இருந்தன. விருந்தாளிகளுக்கு ஒரு கரண்டியும் தண்ணீரும் வைத்துக் கொடுப்பதற்காக நான் காய்ச்சிய செர்ரிப் பழப்பாகு. எத்தனை என்று எண்ணவில்லை. பாலாடைச் சட்டியும் அங்கேதான் வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. ரொட்டித் துண்டுகளை மடித்து வைத்த துணி உங்கள் தலைத்துணி. கரண்டியைக்கூடக் கழுவி வைத்திருந்தீர்கள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் ஆத்திரம். குளிர்காலம் முழுக்க உங்கள் காலைச் சர்க்கரைக்காக நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பாதி ராத்திரியில் நீங்கள் தின்ற பாகுக்கு நான் ஊசி ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். நோன்பு வந்ததும் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். பாகு நின்றது. முப்பத்தாறு நிற்கவில்லை. வெறும் வயிற்றில் அது வேலையைக் காட்டிவிட்டது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இதை எழுதிவிட்டு அடுப்பில் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஏனென்றால் நீங்கள் சொல்லத்தான் வந்தீர்கள். நோன்புக்கு முந்தின மன்னிப்பு ஞாயிறு. வழக்கமாகச் சின்னவர்கள்தானே பெரியவர்களிடம் வந்து கேட்கணும். அன்றைக்கு நான் மாட்டுக் கொட்டகையிலிருந்து வருவதற்குள் நீங்கள் வாசலில் நின்று, "என்னை மன்னிச்சுடு ரட்மிலா"ன்னீர்கள். நான் கையில் வாளியோடு, "ஆண்டவர் மன்னிப்பார், நீங்களும் என்னை மன்னிச்சுடுங்க"ன்னு மந்திரம் மாதிரி ஒப்பித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. பால் ஆறிவிடுமே என்ற நினைப்பு எனக்கு. நீங்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது ஜன்னலில் தெரிந்தது. அப்போதும் கேட்கவில்லை.

எதற்காக ராத்திரியில், திருட்டுத்தனமாக? அது இன்னும் எனக்குப் புரியவில்லை. ஆனால் உங்களை அதற்காக வையப் போவதில்லை, எனக்கு அந்தத் தகுதி இல்லை.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டாக்டரம்மாவைப் பார்த்து முப்பத்தாறைச் சொல்லப் போகிறேன். ஸோர்கா இருந்தாலும் சொல்வேன். பாகைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். அது உங்களுடையது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி, வந்த வேலையை முடித்துவிட்டுத்தான் போவேன்.

ரட்மிலா

*

ஆஸ்பத்திரி
ஏப்ரல் 19

ரட்மிலா,

அன்றைக்கு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது தூக்கத்தால் இல்லை. நீ வந்து நின்றதும் தெரியும், போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டதும் தெரியும். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நீ நடுவார்டில் நின்று டாக்டரம்மாவிடம் சொன்னது முழுக்கக் கேட்டது. என் மந்தக் காதுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய். "அன்னைக்கு நான் பொய் சொன்னேன் டாக்டர். முப்பத்தாறு போட்டுட்டிருந்தேன். ஊர் டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி எதுவும் செய்யலை, நானாவே ஏத்தினேன்." ஸோர்கா உன்னைக் கொலைகாரி என்றாள். உன் கழுத்து வரைக்கும் சிவந்திருக்கும், பார்க்காமலே எனக்குத் தெரியும்.

அப்போதே நான் எழுந்து உட்கார்ந்து சொல்லியிருக்கணும். பாகு பற்றி நீ சொல்லிவிடுவாய், நான் மறுத்துவிடலாம் என்று காத்துக்கிடந்தேன். உண்மையில் மறுப்பதற்கு வார்த்தைகூடத் தயார் செய்து வைத்திருந்தேன். நீ சொல்லவே இல்லை. கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அந்த வெட்கம் இருக்கிறதே, அதற்கு இடுப்பு வலி எவ்வளவோ மேல்.

நீ போனதும் டாக்டரம்மா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "முப்பத்தாறு போட்டும் ஒரு மாசம் ஒண்ணும் ஆகலைன்னா ராத்திரியில ஏதோ உள்ள போயிருக்கு. என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றாள். "நானா? ஒண்ணுமில்லையே. நான் நோன்பு இருக்கறவ"ன்னேன். போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, கத்தாமல், காதுக்குள்ளே வந்து மறுபடி கேட்டாள். "யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்கம்மா. என்ன சாப்பிட்டீங்க?"

சொல்லிவிட்டேன். வெள்ளை ரொட்டி, பாலாடை, மேலே செர்ரிப்பாகு ரெண்டு கரண்டி, சில நாள் நாலு. எனக்குக் காது மந்தம், மெதுவாகப் பேசத் தெரியாதே. வார்டு முழுக்கக் கேட்டது. ஜெபம் கேட்க வரும் நர்ஸ் மருந்துத் தட்டோடு நின்றுவிட்டாள். ஸோர்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். அன்றைக்கு மாலை அவள் வரவில்லை. அடுத்த நாள் ஆப்பிளோடு வந்தாள், புகார்க் காகிதம் அதற்குப் பிறகு வெளியே வரவில்லை.

ஏன் திருட்டுத்தனமாக என்று கேட்டாயே. பசி இல்லை. ஐம்பது வருஷம் அந்த மேசையில் நான் பரிமாறினேன். யாருக்கு எவ்வளவு ரொட்டி என்று நான்தான் வெட்டினேன். நீ எனக்கு அளந்து ரெண்டு துண்டு வைத்து, "இவ்வளவுதான் டாக்டர் சொல்லியிருக்கார்"ன்னு சொல்லும்போது நீ சரியாகத்தான் செய்தாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் வீட்டில் இன்னொரு துண்டு தா என்று கேட்பதா? கேட்பதைவிடத் திருடுவது சுலபமாக இருந்தது. மன்னிப்பு ஞாயிறன்று சொல்லிவிடத்தான் வந்தேன். நீ வாளியோடு உள்ளே போனதும் அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு. அதனால் அந்த வாளிக்காக நீ வருத்தப்படாதே.

அளவு பதினாறிலிருந்து திரும்பத் தொடங்கினாள். மூன்று காலை பார்த்தாள், பதினெட்டு. இன்னும் மூன்று காலை, இருபது. அங்கேயே நிறுத்திவிட்டாள். காலையில் எட்டு, சில நாள் ஏழரை. தையல் காய்ந்துவிட்டது. திறக்க வேண்டியதில்லை. நேற்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தேன். ரெண்டு செருப்பும் போட்டுக்கொண்டுதான்.

ஸோர்கா தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். ஊசியை அவள் போடுவாளாம். வேண்டாம் என்றேன். அவளுக்குப் பெருமை மட்டும்தான் தெரியும், பயம் தெரியாது. உனக்கு இப்போது பயம் தெரியும். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை விடுகிறார்கள். வுகாஷின் லாரியிலிருந்து இறங்கிவிட்டால் அவனோடு வா. இல்லாவிட்டால் நீ மட்டும் வா.

வீட்டுக்கு வந்ததும் ஊசியை நீயே போடு. ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேள். ராத்திரி என்ன சாப்பிட்டீங்க என்று. நான் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும். அப்போது பேனாவைத் திருகாதே ரட்மிலா. உட்கார்ந்து இன்னொரு தடவை கேள்.

அம்மா